நாற்பது புதிய மருத்துவமனைகள்: ஒரு சொல்லை வாசித்தல்

இந்த மாதம் விமர்சனத்துக்கு ஒரு தணிக்கை அறிக்கையை எடுத்துக்கொண்டேன் என்றதும் நண்பன் சிரித்தான். "கதை ஒண்ணும் சிக்கலையா உனக்கு?"

சிக்கியது. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை அது. அதை முழுக்க ஒரே ஒரு சொல்லின் கதையாக வாசிக்கலாம். 'புதிய' என்ற சொல்.

2019 செப்டம்பர் கடைசியில் பிரதமர் போரிஸ் ஜான்சன் நாற்பது புதிய மருத்துவமனைகள் கட்டப்போவதாக அறிவித்தார். அன்றைக்குக் கட்டுவதற்குப் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது ஆறு திட்டங்களுக்குத்தான். மற்றவற்றுக்குக் கிடைத்தது திட்டம் தீட்டுகிற செலவு மட்டும். டிசம்பர் தேர்தலில் அவருடைய கட்சி 365 இடங்களை வென்றது. 2030க்குள் முடிப்போம் என்று நாளும் குறித்தார்கள்.

2021இல் ஒரு வழிகாட்டிக் குறிப்பு வெளியே கசிந்தது. முற்றிலும் புதிய கட்டடம், பழைய மருத்துவமனையில் எழுப்பும் புதிய பகுதி, பெரிய அளவிலான புதுப்பிப்பு, இந்த மூன்றையுமே 'புதிய மருத்துவமனை' என்றே குறிப்பிட வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். எனக்கு இதுதான் மொத்த விவகாரத்தின் மையம். நம்மூரில் மொட்டைமாடியில் ஒரு ரூம் போட்டுவிட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை அடிப்பவர் உண்டா? அடித்தால் சொந்தக்காரர்களே கேலி செய்வார்கள். அரசாங்கம் செய்தால் அதற்குப் பெயர் வரையறை.

பொய்யைப் பிடித்துவிடலாம். சொல்லின் பொருளையே நகர்த்துகிறவரைப் பிடிப்பது கஷ்டம். 2023 மே மாதம் எட்டுத் திட்டங்கள் 2030ஐத் தாண்டித் தள்ளிப்போயின. இடிந்துவிழும் அபாயமுள்ள ஐந்து மருத்துவமனைகள் பட்டியலில் சேர்ந்தன. ஆனாலும் எண்ணிக்கை நாற்பதுதான், வாக்குறுதி அப்படியே இருக்கிறது என்றார் அமைச்சர். தணிக்கை அறிக்கை செய்த காரியம் ரொம்பச் சாதாரணமானது. அரசே 2020இல் வைத்த வரையறையை எடுத்து, அதன்படி எண்ணிப் பார்த்தது. முப்பத்திரண்டுதான் வந்தது. குரலை உயர்த்தவில்லை, கிண்டல் இல்லை, உவமை இல்லை. நான் படித்த எத்தனையோ அரசியல் நையாண்டிகளைவிட அந்த உலர்ந்த நடை கூர்மையாக இருந்தது. நையாண்டிக்காரன் 'எல்லாரும் பொய்யர்கள்' என்று சொல்லி நம்மைச் சிரிக்கவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவான். என் நண்பனும் அதைத்தான் சொன்னான்: "அரசியல்வாதின்னா அப்படித்தான், இது தெரிஞ்சதுதானே." இப்படிச் சொல்வது கோபம் மாதிரி தெரியும். உண்மையில் அது மன்னிப்பு.

இதில் கூரைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த அபாயமுள்ள கட்டடங்களில் இருப்பது காற்றுக்குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட். சுமார் முப்பது வருடம் தாங்கும் என்பது கணக்கு. கிங்ஸ் லின் நகரின் குயின் எலிசபெத் மருத்துவமனை 1980இல் திறக்கப்பட்டது. இன்று அதன் கூரையை ஆயிரக்கணக்கான முட்டுக்கம்பங்கள் தாங்கிப் பிடிக்கின்றன. இதைச் சரிசெய்யப் பணம் இல்லாமல் போனது எப்படி? 2014-15க்கும் 2018-19க்கும் இடையில் கட்டடம், கருவிகளுக்கான மூலதன நிதியிலிருந்து 430 கோடி பவுண்டை எடுத்து அன்றாடச் செலவுக்குத் திருப்பிவிட்டார்கள். விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது மாதிரி. வெட்டு நடந்ததே வெளியில் தெரியாது. சம்பளம் போகும், மருந்து வரும். கூரைதான் மெதுவாக இறங்கும்.

அறிக்கையில் எனக்கு ஒரு குறையும் உண்டு. வாக்குறுதியில் ஆள் இருந்தார், முகம் இருந்தது. அறிக்கையில் 'துறை' என்ற ஒரே எழுவாய்தான். துறை தாமதித்தது, துறை தவறாகக் கணித்தது. 2019க்கும் 2024க்கும் நடுவில் அந்த நாற்காலியில் ஐந்து பேர் மாறி மாறி உட்கார்ந்தார்கள், ஒருவர் இரண்டு முறை. யாரைக் கேட்பது? தணிக்கையாளரின் இலக்கணத்தில் அதற்கு இடமில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வாசகனாக நான் அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன்.

தேர்தல் பதில் சொல்லவில்லையா என்று கேட்கலாம். சொன்னது. 2024 ஜூலையில் 365 இடங்கள் 121 ஆயின. ஜான்சன் அதற்கு முன்பே நாடாளுமன்றத்தை விட்டுப் போயிருந்தார். தண்டனை கட்சிக்கு விழுந்தது, காத்திருப்பு நோயாளிகளுக்கு. 2025 ஜனவரியில் புதிய அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங், பழைய திட்டத்துக்குப் பணமே இருந்ததில்லை என்று சொல்லிப் புதிய கால அட்டவணையை வைத்தார். சில மருத்துவமனைகளுக்குக் கட்டுமானமே 2037க்கு முன் தொடங்காது. வெளிப்படையாகச் சொன்னார் என்பது உண்மைதான். அந்த ஊர்க்காரருக்கு அதனால் என்ன கிடைத்தது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த முட்டுக்கம்பம் வச்ச ஆஸ்பத்திரி?" என்றான். முதல் கட்டப் பட்டியலில் இருக்கிறது என்றேன். "அதுவரைக்கும்?" என்றான்.