பெயர் வைக்கும் உரிமை

டோக்கியோவில் ஒரு கிறிஸ்துமஸ் இரவு. தேவாலயத்தில் பிள்ளைகளின் நாடகம் முடிந்து, பிரசங்கமும் முடிந்து, வீடற்றவர்களுக்குச் சூடாகச் சாப்பாடு பரிமாறுகிறார்கள். வரிசையில் நிற்கும் திருநங்கை ஹானா கிண்ணத்தை நீட்டி, இரண்டு பேருக்குச் சேர்த்துப் போடச் சொல்கிறாள். வயிற்றில் ஒன்று இருக்கிறதாம். கன்னி மரியாளுக்குப் பிள்ளை பிறந்தபோது தனக்குப் பிறக்கக் கூடாதா என்பது அவள் வாதம். சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடலாம். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன்.

சதோஷி கோன் இயக்கிய 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' 2003 நவம்பரில் வெளிவந்தது. 92 நிமிடப் படம். அனிமேஷன் என்றால் நம் வீடுகளில் இன்னமும் பொம்மைப் படம். பிள்ளைகளை அதன் முன் உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போகலாம். இந்தப் படத்தை நம்பி அப்படிப் போக முடியாது. தார்ப்பாய்க் கூடாரத்தில் மூன்று பேர் குடித்தனம் நடத்துகிறார்கள். ஜின் நடுவயதுக் குடிகாரன். சைக்கிள் பந்தய வீரனாக இருந்தேன், மனைவியும் மகளும் செத்துப்போனார்கள் என்று சொல்லித் திரிகிறான். உண்மையில் அவன் சைக்கிள் கடை வைத்திருந்து, சூதாட்டக் கடனில் மூழ்கி, உயிரோடிருக்கும் குடும்பத்தை விட்டு ஓடியவன். மியூகி பள்ளிக்கூட வயதுப் பெண். போலீஸ்காரரான அப்பாவைக் கத்தியால் குத்திவிட்டு வந்தவள். ஹானா மதுக்கூடமொன்றில் பாடிப் பிழைத்தவள். கூட வாழ்ந்தவன் இறந்தபின் தெருவுக்கு வந்தாள். தன்னைப் பெற்றவள் யாரென்று அவளுக்குத் தெரியாது.

அன்றிரவு குப்பை மூட்டைகளுக்கு நடுவே ஒரு கைக்குழந்தை அழுகிறது. போலீசில் ஒப்படைக்கலாம் என்கிறான் ஜின். ஹானா கேட்பது ஒரே ஒரு ராத்திரி. விடியும்வரை தாயாக இருந்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்கிறாள். சொன்ன கையோடு பெயரும் வைத்துவிடுகிறாள்: கியோகோ. கிறிஸ்துமஸ் இரவைப் பற்றிய புகழ்பெற்ற பாடலின் ஜப்பானிய வடிவம் 'கியோஷி' என்ற சொல்லில்தான் தொடங்கும். தூய்மையான என்று பொருள்.

அந்தப் பெயர் வைத்தது சின்ன விஷயமில்லை. ஜப்பானியர் அநேகமாக ஒவ்வொருவரும் 'கோசெகி' எனப்படும் குடும்பப் பதிவேடு ஏதாவது ஒன்றில் இருக்கிறார். பிறப்பு, கல்யாணம், மணமுறிவு, தத்து, சாவு எல்லாம் ஏறுவது அதில்தான். ஒரு பதிவேட்டுக்கு ஒரு குலப்பெயர், அதிகம் போனால் இரண்டு தலைமுறை. அந்தச் சட்டத்தின் 57ஆம் பிரிவு கைவிடப்பட்ட குழந்தைகளைப் பற்றியது. கண்டெடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் நகராட்சித் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தைக்குப் பெயர் சூட்டிப் பதிவேடு தொடங்குவது அவருடைய வேலை. ஹானா கேட்கும் ஒரு ராத்திரி சட்டம் கொடுக்கும் கெடுவுக்குள் அடங்கிவிடுகிறது. அவள் மீறுவது பெயர் வைப்பதில்தான். மேயர் செய்ய வேண்டியதைக் குப்பைமேட்டில் நின்றபடி செய்துவிடுகிறாள். ஜப்பானியத் திரையின் ஒட்டுக் குடும்பங்களை இந்தப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கதையின் மூலம் ஜப்பானில் இல்லை. பீட்டர் பி. கைன் 1913இல் எழுதிய அமெரிக்க நாவலில் மூன்று கொள்ளைக்காரர்கள் பாலைவனத்தில் அநாதைக் குழந்தையொன்றைக் காப்பாற்றுகிறார்கள். 1948இல் ஜான் ஃபோர்டு அதை ஜான் வேனை வைத்து எடுத்தார். கோன் அங்கிருந்து எடுத்துக்கொண்டது ஒரு வரிக் கதையை மட்டுமே. பாலைவனத்தில் உதவ ஆளில்லை. டோக்கியோவில் திரும்பிய பக்கமெல்லாம் ஆள். ஓடும் ரயிலில் இவர்கள் மூவரும் ஏறியதும் சுற்றி நிற்பவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள், யாரும் வாய் திறப்பதில்லை. ஃபோர்டின் மணல்மேடுகளைவிட எனக்கு அந்த ரயில்பெட்டிதான் பாலைவனமாகத் தெரிந்தது.

உள்ளூர் வம்சாவளி வேறு. 1947இல் யசுஜிரோ ஓசு எடுத்த 'நகாயா ஷின்ஷிரோகு'வில் தகப்பனைத் தவறவிட்ட பையனொருவனை ஒரு நடுவயதுப் பெண்ணின் தலையில் கட்டிவிடுகிறார்கள். அவள் முதலில் விரட்டுகிறாள், பிறகு ஒட்டிக்கொள்கிறாள். ஒட்டிக்கொண்ட நேரத்தில் தகப்பன் வந்து கூட்டிப்போய்விடுகிறான். படம் யுஎனோ பூங்காவில் சாமுராய்த் தலைவர் சைகோவின் சிலையைச் சுற்றித் திரியும் போர் அநாதைகளில் முடிகிறது. அந்தப் பிள்ளைகள் நிஜம். குண்டுவீச்சில் வீடும் பதிவேடும் சேர்ந்தே எரிந்துபோன ஊர் அது.

அனிமேஷனில் இந்த இழையைத் தொடங்கிவைத்தது 'வெறுங்கால் கென்' என்று சொல்லலாம். கெய்ஜி நகசாவாவின் படக்கதையிலிருந்து 1983இல் வந்தது. ஹிரோஷிமா குண்டில் தம்பியை இழந்த கென், அரிசி திருட வந்த அநாதைப் பையன் தம்பியின் அச்சாக இருப்பதைப் பார்த்துத் திகைக்கிறான். அம்மா அவனையும் பிள்ளையாகச் சேர்த்துக்கொள்கிறாள். விளக்கம், அழுகை எதுவும் அதிகமில்லை. இருப்பதைப் பங்கிடும்போது ஒரு வாய் கூடிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் படத்தைத் தயாரித்ததும் மேட்ஹவுஸ்தான். இருபது வருடம் கழித்துக் கோனின் படத்தைச் செய்த அதே நிறுவனம்.

1988இல் இசாவோ டகாஹாடா 'மின்மினிகளின் கல்லறை'யில் இதற்கு நேரெதிர்ப் பாதையில் போனார். 14 வயது செய்தா அத்தை வீட்டுக் குத்தல் பேச்சுப் பொறுக்காமல் 4 வயதுத் தங்கையோடு பதுங்குகுழிக்குக் குடிபோகிறான். இரண்டு பேர் மட்டுமே கொண்ட குடும்பம், வெளியே யாரோடும் கொடுக்கல் வாங்கல் இல்லை. பட்டினியில் இரண்டுமே சாகின்றன. எல்லோரும் போர் எதிர்ப்புப் படம் என்று கொண்டாடியதை டகாஹாடா ஏற்கவில்லை. ஊரைத் துறந்த குடும்பம் நிலைக்காது என்பதே அவர் கவலை. மியாசாகியின் 'இளவரசி மொனொநோக்கே'யில் (1997) எபோஷி சீமாட்டி விலைமாதர் விடுதிகளிலிருந்து மீட்ட பெண்களையும் தொழுநோயாளிகளையும் வைத்து இரும்பாலை ஊர் நடத்துகிறாள். அது குடும்பமென்பதைவிடத் தொழிற்சாலை. இங்கே அதிகம் நிற்க வேண்டியதில்லை.

கோன் எடுத்தது சமகாலம். 1991 வாக்கில் பொருளாதாரக் குமிழி உடைந்தபின் டோக்கியோ பூங்காக்களிலும் சுமிதா ஆற்றங்கரையிலும் நீலத் தார்ப்பாய்க் கூடாரங்கள் முளைத்தன. ஷின்ஜுகு ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில் இருந்த அட்டைப்பெட்டிக் குடிசைகளை 1996 ஜனவரியில் மாநகர அரசு அப்புறப்படுத்தியது. மறுபடி முளைத்தவை 1998 பிப்ரவரியில் தீயில் போயின. படம் வந்த 2003இல் எடுத்த முதல் தேசியக் கணக்கெடுப்பில் வீடற்றவர்கள் 25,296 பேர். படத்தில் சில இளவட்டங்கள் கூடாரத்துக்கு வந்து, இறந்துகிடக்கும் கிழவனையும் ஜின்னையும் அடித்து நொறுக்கும் காட்சி கற்பனையென்று தள்ள முடியாது. 1983இல் யோகோஹாமாவில் சிறுவர் கும்பலொன்று வீடற்றவர்களை அப்படித்தான் வேட்டையாடியது.

இவ்வளவு கனத்தையும் கோன் நகைச்சுவையில் ஏற்றியிருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம். அவருடைய 'பெர்ஃபெக்ட் ப்ளூ' (1997), 'மில்லெனியம் ஆக்ட்ரஸ்' (2001) இரண்டிலும் கனவும் நனவும் கலந்து நம்மைக் குழப்பும். இதில் கனவு கிடையாது, தற்செயல்தான் உண்டு. அதுவும் வெட்கமில்லாத தற்செயல். நாற்றத்துக்காக மூவரையும் கடைக்காரன் வெளியே துரத்துகிறான். அவர்கள் காலெடுத்துவைத்த கணத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று அந்தக் கடைக்குள் பாய்கிறது. காருக்கடியில் சிக்கிய யாகுசா என்னும் குற்றக் கும்பலின் தலைவனைக் காப்பாற்றுகிறார்கள். அவன் மகளைக் கட்டப்போகிறவன் ஜின்னுக்குப் பழைய பகையாளி. ஜின் கைவிட்டுவந்த மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வந்து நிற்கிறாள், அவள் பெயரும் கியோகோ. கோனோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய கெய்கோ நொபுமோட்டோ 'கௌபாய் பீபாப்' தொடரில் விண்கலமொன்றுக்குள் ஊர் பேர் தெரியாதவர்களை ஒன்றாகக் குடிவைத்தவர். அந்தக் கை இங்கேயும் தெரிகிறது.

இதையெல்லாம் நாம் எப்படி நம்புகிறோம்? பின்னணியைப் பாருங்கள். கட்டடங்களின் ஜன்னல்களும் கதவுகளும் அங்கங்கே கண்ணும் வாயுமாகச் சேர்ந்து முகமாகின்றன. மூவரையும் மனிதர்கள் பார்ப்பதில்லை, ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாத்திர வடிவமைப்பாளர் கெனிச்சி கொனிஷி ஹானாவின் முகத்தை ரப்பர் போல இழுத்திருக்கிறார். கோபத்தில் தாடை கீழே இறங்குகிறது, அழும்போது முகமே மடிந்து மூக்குக்குள் போகிறது. அத்தனை முகமும் ஒரே ஆளுடையது என்பதில் மட்டும் நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

தாய்மையைப் பற்றி வசனம் பேச விடாமல் வேலை கொடுத்திருப்பது இன்னொரு சாமர்த்தியம். பால்மாவுக்கு எங்கே போவது, பனியில் பிள்ளைக்கு எப்படிச் சூடு காட்டுவது, யார் தூக்குவது, யார் தூங்குவது. மியூகியும் குழந்தையும் கடத்தப்பட்டு, ஸ்பானிய மொழி பேசும் குடியேறிப் பெண்ணொருத்தியின் வீட்டில் மாட்டிக்கொள்ளும் இடம் படத்திலேயே அமைதியானது. அந்தப் பெண் தன் பிள்ளையோடு இதற்கும் மார்பு கொடுக்கிறாள். மியூகிக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவளுக்கு ஜப்பானியம் தெரியாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு மொழியில் பேசி ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்கள். வேறெவரிடமும் சொல்லாத அப்பா கதையை மியூகி அங்கேதான் சொல்கிறாள்.

எனக்குக் குறையாகப் படுவது முடிவு. குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து திருடியவள், தன் பிள்ளை செத்துப் பிறந்த துக்கம் தாங்காத சச்சிகோ. குழந்தை அசல் பெற்றோரிடம் போகிறது. ஜின்னுக்கு மகள் கிடைக்கிறாள், மியூகியின் எதிரே அப்பா வந்து நிற்கிறார். ஒவ்வொருவரும் அவரவர் ரத்தத்துக்குத் திரும்பும் வழி திறக்கிறது. ஹானாவுக்கு மட்டும் திரும்ப ரத்தம் இல்லை. உயரக் கட்டடத்திலிருந்து குழந்தை விழும்போது பின்னாலேயே குதித்து, தொங்கும் விளம்பரத் துணியைப் பற்றி, காற்றில் மிதந்து அதைக் காப்பாற்றியவள் அவள். அசல் பெற்றோர் குழந்தைக்கு ஞானப் பெற்றோராக இருக்கும்படி மூவரையும் கேட்கிறார்கள். ஜப்பானியத்தில் அதற்கு 'நசுகே-ஓயா'. பெயர் வைத்த பெற்றோர். ஹானாவுக்குக் கிடைத்தது அவ்வளவே. அது பெரிதுதான், ஆனால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடியது இல்லை.

பிறகு வந்தவர்களும் இந்த இடத்தில்தான் தடுமாறியிருக்கிறார்கள். மகோடோ ஷின்காயின் 'வெதரிங் வித் யூ'வில் (2019) ஓடிவந்த பிள்ளைகள் ஒரு ஹோட்டல் அறையில் ஒரு ராத்திரி குடும்பமாக இருப்பதோடு போலீஸ் வந்துவிடுகிறது. அனிமேஷன் இல்லையென்றாலும் ஹிரோகாசு கொரேஎடாவின் 'ஷாப்லிஃப்டர்ஸ்' (2018, கான் விழாவின் தங்கப்பனை) இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. திருடித் தின்று ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களைப் போலீஸ் விசாரணை தனித்தனி வழக்குகளாகப் பிரித்துவிடுகிறது. சிறுமி அடிக்கிற அம்மாவிடமே திரும்பிப் போகிறாள். சட்டப்படி அதுதான் சரி.

ஒட்டு நிலைக்கும் படமாக எனக்குத் தோன்றுவது சுனாவோ கதாபுச்சியின் 'இன் திஸ் கார்னர் ஆஃப் த வேர்ல்ட்' (2016). குண்டில் வலது கையையும், கையைப் பிடித்திருந்த நாத்தனார் மகளையும் இழந்த சுசு, ஹிரோஷிமாவில் கணவனோடு உட்கார்ந்திருக்கிறாள். செத்துப்போன தாய்க்கும் வலது கை போயிருந்த ஒரு சிறுமி, அந்தக் கையில்லாத பக்கத்தைப் பார்த்து வந்து ஒட்டிக்கொள்கிறது. குரேவிலிருக்கும் வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். வந்ததும் தலையெல்லாம் பேன் என்று கண்டுபிடித்து வீடே அல்லோலகல்லோலப்படுகிறது. பெயர் கேட்பதற்கு முன் தண்ணீர் காயவைக்கிறார்கள்.

கோன் கணையப் புற்றுநோயில் 2010 ஆகஸ்ட் 24 அன்று 46 வயதில் இறந்தார். நொபுமோட்டோ 2021இல் போனார். அமெரிக்காவில் 2020இல் வந்த புதிய ஆங்கிலக் குரல்பதிவில் ஹானாவுக்குக் குரல் கொடுத்தவர் ஷகினா நேஃபாக் என்ற திருநங்கை நடிகை.

படம் வெளிவருவதற்குச் சில மாதம் முன்பு, 2003 ஜூலையில், பதிவேட்டில் பாலினத்தை மாற்றிக்கொள்ள வழி செய்யும் சட்டத்தை ஜப்பான் நிறைவேற்றியது. அதன் நிபந்தனைகளில் ஒன்று, விண்ணப்பிப்பவருக்குப் பிள்ளை இருக்கக் கூடாது. ஹானா காகிதத்தில் பெண்ணாக வேண்டுமானால் காகிதத்தில் யாருக்கும் பெற்றோராக இருக்கக் கூடாது. 2008இல் அதை 'வயதுக்கு வராத பிள்ளை' என்று தளர்த்தினார்கள். அந்தச் சட்டத்தின் இன்னொரு நிபந்தனையான கருத்தடை அரசியல் சாசனத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் பிள்ளை நிபந்தனை செல்லும் என்று 2021 நவம்பரில் சொல்லியிருந்தது.