கூலி யார்?

நம் நாட்டுச் சொற்கள் பல ஆங்கில அகராதியில் இடம் பெற்றிருக்கின்றன. கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் முதலியவற்றை அங்கே காணும் தமிழர் மகிழ்வது இயல்பே. ஆனால் கூலி என்னும் சொல்லைக் கண்டவுடன் அம்மகிழ்ச்சி மறைந்து விடுகிறது. இதற்குக் காரணம் யாது?

தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நாம், அண்மையில் சிங்கப்பூரில் கிளமெண்டியிலுள்ள உறவினர் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தபோது இச்சொல்லைப் பற்றி ஆராய நேர்ந்தது. யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886-ல் வெளியான ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்னும் அகராதி, இச்சொல் குஜராத்துப் பக்கத்துக் கோலி என்னும் வகுப்பாரின் பெயரினின்றும் வந்திருக்கலாமெனக் கருதுகிறது. தமிழில் கூலி என்பது ஊதியத்தைக் குறிக்கும் என்பதையும் அது மறைக்கவில்லை.

தமிழே மூலம் என்று மேடையேறி முழங்குதல் எளிது. ஆனால் மொழிப்பற்று ஒருபோதும் சான்றாகாது. போர்த்துக்கீசியர் இந்தியாவின் மேலைக் கரையிலும் கீழைக் கரையிலும் வாணிகம் செய்தவர்கள். இரு கரைச் சொற்களும் அவர்கள் வாயில் ஒன்றாய்க் கலந்திருத்தல் கூடும் என்பதே நமது அபிப்பிராயம்.

சொல் எங்கே பிறந்தது என்பதைக் காட்டிலும், அதன் பொருள் எவ்வாறு மாறிற்று என்பதே நமக்கு முக்கியமானது. தமிழில் கூலி என்பது மனிதனன்று. மனிதனுக்குச் சேர வேண்டிய பொருள். திருக்குறள் 619-ஆம் பாவில், முயன்றவன் தன் உழைப்பினால் பெறும் பயனையே வள்ளுவர் இச்சொல்லால் குறிக்கின்றார். உழைப்பவனைச் சொல்ல வேண்டுமாயின், கூலியாள் என்றே நம் முன்னோர் சொல்லி வந்தனர். ஆங்கிலத்திலோ ஆள் மறைந்தான். கூலி மட்டும் எஞ்சி நின்றது.

இதன் விளைவு கொடிதாயிற்று. 1860-ல் சென்னையிலிருந்து முதற் கப்பல் நேட்டாலுக்குச் சென்ற பின்னர், தென்னாப்பிரிக்காவில் உழைப்பாளி, வியாபாரி, வக்கீல் என்ற பேதமின்றி இந்தியர் யாவரும் கூலி எனப்பட்டனர். 1893-ல் அங்குச் சென்ற காந்தியார், தம்மையும் கூலி பாரிஸ்டர் என்று அழைத்ததைத் தம் சரித்திரத்தில் எழுதியுள்ளார். தலைவன் என்று பொருள்படும் சாமி என்னும் சொல்லும் அங்கே வசையாயிற்று. சீனரோ, துன்பம், வலிமை என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துக்களால் இச்சொல்லை எழுதுகின்றனர்.

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் தடை செய்யப்பட்டது. உதவி பெற்று வரும் உடலுழைப்பாளிகளின் பிரயாணத்தை இந்திய அரசாங்கம் 1938-ல் நிறுத்தியது. இந்திய ரயில் நிலையங்களில் சுமை தூக்குவோரைக் கூலி என்னாது சஹாயக் என்று அழைக்கவேண்டுமென 2016-ல் அறிவிப்பும் வந்தது. முறைகள் ஒழிந்தன, பெயர்களும் மாறுகின்றன. நம்மவர் மனம் மாறிற்றா?

கிளமெண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞர் இருவர் நாம் இருந்த மேஜையருகே அமர்ந்தனர். எம்முடனிருந்த உறவினர் தம் குழந்தையை இழுத்து அப்பால் அமர்த்தி, "கூலிக்கு வந்தவர்கள்" என்றார். அவருடைய பாட்டனார் பால்மரம் வெட்டி அதே கூலியால் குடும்பத்தைக் காத்தவர்! இதை அறிந்திருந்தும் நாம் வாய் திறக்கவில்லை. ஆங்கிலம் கற்றோம் என்ற பெருமையும் கிராணி என்ற அந்தஸ்தும் அவ்வேளையில் எதற்குப் பயன்பட்டன?

நாள் கணக்கில் பெற்றால் கூலி, மாதக் கணக்கில் பெற்றால் சம்பளம் என்று நாமே ஒரு வேலியிட்டுக்கொண்டோம். மாதச் சம்பளத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சாலரி என்னும் சொல்லோ, உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லினின்றும் வந்தது. உப்புக்கு உழைப்பவனுக்கும் கூலிக்கு உழைப்பவனுக்கும் உயர்வு தாழ்வு ஏது? அன்பர்களே, கூலி என்னும் சொல்லை ஒளிக்க வேண்டியதில்லை. அதை அதற்குரிய இடத்தில் வைத்தாற் போதும். செக்ரோலில் நாம் ஒரு பத்தியில் பெயரையும், மற்றொரு பத்தியில் கூலியையும் எழுதுகின்றோம். இரண்டையும் மாற்றி எழுதும் கிராணியை எந்தத் தோட்டமும் வைத்துக்கொள்ளாது.