ஜராஸந்த வதமும் தர்மயுத்த விசாரமும்

கொடுங்கோலனை வீழ்த்துவதற்காகப் பிற நாட்டார் போர் தொடுத்தல் தர்மமாகுமோ என்னும் வினா எழுந்தால், ஜராஸந்த வதத்தை எடுத்துக்காட்டுவது நம்மவர்க்கு எளிதாயிருக்கிறது. அவன் 86 அரசர்களைச் சிறையிட்டுப் பலியிடக் காத்திருந்தான். கண்ணபிரான் அவனை முடித்து அவர்களை மீட்டருளினான். ஆகவே கொடுமை கண்டவிடத்தே படைகொண்டு புகலாம் என்று கூறி முடிப்பர். ஸபாபர்வத்தை அடைவே ஓதினவர்க்கு இம்முடிவு பொருந்தாது. மகதத்தின்மேல் படை செல்லவேயில்லை, சென்றவர் மூவர்.

ஜராஸந்தனைப் படைகொண்டு வெல்லுதல் அரிது என்று கண்ணபிரான் முன்னமே தர்மபுத்ரரிடம் உரைத்திருக்கையாலே, படை செல்லாமைக்கு இயலாமையே காரணம், கருணையன்று என்று ஆக்ஷேபிக்கலாம். அது ஒருபுடை மெய்யே. ஆயினும் கிரிவ்ரஜத்தில் நடந்த உரையாடலை நோக்கவேண்டும். அறைகூவலைக் கேட்ட ஜராஸந்தன், படையோடு படை பொரலாம், அன்றி ஒருவனோடோ இருவரோடோ மூவரோடோ நானே பொருவேன் என்கிறான். படைப்போரை முதலில் சொன்னவன் அவனே. கண்ணபிரான் அதைக் கொள்ளாமல், எங்கள் மூவரில் எவனோடு பொருவாய் என்று மட்டுமே வினவுகிறான். மூவராய் வந்தவர்க்குப் படை ஏது என்னில், மூவராய் வரத் துணிந்ததிலேயே அத்தேர்வு அடங்கிற்று. மகதத்தின் காலாட்கள் எத்தனை பேர் அந்தக் கார்த்திகையில் உயிர் பிழைத்தார்கள் என்பதை எந்த உபந்யாஸமும் எண்ணிக் காட்டுவதில்லை; உடல் இருபிளவானதோடு கதை முடிந்துவிடுகிறது.

ஜராஸந்தனுடைய வாதமும் இலேசானதன்று. உங்களுக்கு நான் இழைத்த தீங்கு யாது? போரில் வென்றவர்களையே பிடித்து வைத்திருக்கிறேன்; வென்றவனை வேண்டியபடி செய்தல் க்ஷத்ரியனுக்கு உரியதன்றோ? என்பது அவன் கேள்வி. தன் எல்லைக்குள் தான் செய்வதைப் பிறர் கேட்கலாகாது என்று இன்றும் அரசுகள் சொல்வது இதையே. விடையாகக் கண்ணபிரான் சொன்னது இரண்டு. மனிதரைப் பசுவாக்கிப் பலியிடுதல் எங்கும் கண்டறியாதது என்பது ஒன்று. தர்மத்தைக் காக்க வல்லவர் வாளாவிருந்தால் அந்தப் பாவம் அவரையும் தீண்டும் என்பது மற்றொன்று. பின்னதே இவ்விசாரத்தின் உயிர்நிலை. இத்தனைக்கும் மேலே, அரசர்களை விட்டுவிடு, இன்றேல் யமலோகம் செல் என்று தவிர்ந்துகொள்ள ஒரு வழியும் காட்டப்பட்டது.

ஆனால் அங்குச் சென்றவர்களின் நோக்கம் கலப்பற்றது என்று சொல்ல இதிஹாஸம் இடங்கொடாது. கம்ஸனுடைய மனைவியர் ஜராஸந்தன் மகளிர். அவன் பகையாலே யாதவர் மதுரையைவிட்டு மேற்கே போந்தனர். அவன் இருக்கும்வரை தர்மபுத்ரருக்கு ராஜஸூயமும் கூடாது. இவை யாவும் கண்ணபிரான் தன் திருவாயாலேயே சொன்னவை. ஸ்நாதக வேடத்தையும், வாயிலல்லாத வழியால் புகுந்ததையும் சிசுபாலன் பின்னர்ச் சபையில் பழிக்கிறான். பகைவன் மனையில் வாயிலல்லாத வழியால் புகுதல் முறையே என்ற ஸமாதானம் கிரிவ்ரஜத்திலேயே சொல்லப்பட்டது. எனினும் வியாஸர் அப்பழியை நூலிலிருந்து நீக்கவில்லை. அதை மூடிமறைத்து வியாக்யானம் செய்வது எம்பெருமானுக்குச் செய்யும் உபகாரமாகாது.

ஸ்ரீபாகவதம் தசமஸ்கந்தம் இங்கே வேறொரு செய்தியைச் சேர்க்கிறது. பாரதத்தில் சிறைப்பட்டவர் யாரும் தூது விடுவதாகக் காண்கிலோம். பாகவதத்திலோ அவர்களே ஆள்விட்டுச் சரணம் புகுகிறார்கள். அந்நேரமே நாரதர் ராஜஸூயச் செய்தியோடு வருகிறார். இரண்டையும் ஒருவழிப்படுத்த உத்தவர் மந்த்ராலோசனை கூறுகிறார். துன்புற்றவர் கேளாமலே செல்வதற்கும் கேட்டபின் செல்வதற்கும் உள்ள வாசி இதனால் விளங்கும். அதைவிட வியப்பு, விடுபட்ட 20,800 அரசர்கள் சொல்லும் சொல். செல்வச் செருக்கால் ஒருவரையொருவர் வெல்லத் துடித்து, எங்கள் குடிகளை நாங்களே இரக்கமின்றி அழித்தோம் என்கிறார்கள். மீட்கப்பட்டவரும் கொடுங்கோலராய் இருந்தவரே! அதனாலன்றோ அவர்களைக் குடிகளைக் காக்கும்படி உபதேசித்தே ஊருக்கு அனுப்பியருளினான்.

வதத்துக்குப் பின் நடந்தது தனியே நோக்கத்தக்கது. ஜராஸந்தன் மகன் ஸஹதேவனுக்கு அபயம் அளித்து மகதத்தில் முடிசூட்டினான் கண்ணபிரான். சிறையில் அழுக்கேறிக் கிடந்த அரசர்களுக்கு நீராட்டமும் ஆடையும் உணவும் அந்த ஸஹதேவனைக் கொண்டே செய்வித்தான் என்கிறது பாகவதம். 2003இல் இராக்கில் ஸத்தாம் உசேனின் ஆட்சியை அயல்படை வீழ்த்தியது. அவ்வாண்டு மே மாதமே அந்நாட்டுப் படை முழுவதும் கலைக்கப்பட்டது. பிழைப்பிழந்த படைவீரர் பலர் கிளர்ச்சியில் சேர்ந்தனர். குருதி பல்லாண்டு நிற்கவில்லை. ஜராஸந்த வதத்தை அத்தகைய போர்களுக்குச் சான்றாக இழுப்பவர் ஸஹதேவனைப் பற்றிய சுலோகங்களையும் உடன் படிக்கவேண்டும்.

இவ்வளவு சொன்னபின்னும் ஒரு முள் எஞ்சுகிறது. மீண்ட அரசர்கள் என் செய்யவேண்டும் என்று கேட்க, தர்மபுத்ரரின் யாகத்துக்குத் துணைபுரிக என்பது விடையாயிற்று. அடுத்த பர்வப்பகுதி திக்விஜயம். இம்முறை நான்கு திக்கிலும் படைகள் சென்றன. கீழ்த்திசை சென்ற வீமஸேனன் மீண்டும் கிரிவ்ரஜத்தை அடைகிறான். ஜராஸந்தன் மகனைத் தேறுதல் கூறிக் கப்பம் கட்டுபவனாக்கினான் என்று சில சொற்களில் முடித்துவிட்டு, அடுத்துக் கர்ணன்மேல் சென்ற கதையைத் தொடங்கிவிடுகிறார் வியாஸர்.