குறைந்த வாடகைக்கு ஓர் இரவு: சிதம்பரமும் கண்டியும்

பல்கலைக்கழகம் உள்ள ஊருக்கு வெளியூரிலிருந்து வந்து சேருகிறவர்களில் பெரும்பான்மையோர் கையில் அளவாகப் பணம் வைத்திருப்பவர்கள். மகளைச் சேர்த்துவிட வந்த தகப்பனார், பரீட்சை எழுத வந்த தொலைதூரக் கல்வி மாணவன், நூலகத்தில் ஏதோ ஒரு பழம் பிரதியைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டிய ஆராய்ச்சியாளன், பட்டமளிப்பு விழாவுக்கென்று குடும்பத்தோடு புறப்பட்டு வந்த கிராமத்தார் ஆகிய இவர்கள் எல்லோருக்கும் வேண்டுவது ஒரு கட்டில், தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு, தண்ணீர் வரும் ஒரு குளியலறை. அதற்கு மேற்பட்டவை எல்லாம் அலங்காரம். இந்த எளிய தேவையைத் தமிழ்நாட்டில் சிதம்பரமும் இலங்கையில் கண்டியும் நிறைவேற்றுகிற விதங்களுக்குள்ளே, ஒரு நாட் பிரயாணத் தூரத்தைக் கொண்டு எதிர்பார்க்கக்கூடியதைவிட மிகப் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

இவ்விரண்டு ஊர்களையும் சேர்த்து எண்ணுவதற்குக் காரணம் உண்டு. சிதம்பரம் தில்லை என்ற பெயரோடு தேவார காலத்திலேயே பிரசித்தி பெற்ற ஸ்தலம். கண்டி, 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரையில் மலைநாட்டு இராச்சியத்தின் தலைநகராகவும், தலதா மாளிகையினால் பௌத்தர்களின் புண்ணிய க்ஷேத்திரமாகவும் விளங்கிய நகரம். இரண்டிலும் பல்கலைக்கழகம் பிற்காலத்தில் வந்தது. இரண்டிலும் அது ஊருக்குள் இடம் கேளாமல் சற்று ஒதுங்கியே அமைந்தது. இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் ஸ்தாபித்த பல்கலைக்கழகம் ரயில் பாதைக்குக் கிழக்கே அண்ணாமலைநகர் என்ற தனி நகரமாயிற்று. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம், பத்து ஆண்டு கழித்துக் கண்டிக்கு ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, ஹந்தானை மலைச் சாரலுக்கும் மகாவலி கங்கைக்கும் இடைப்பட்ட பேராதனையிலே குடியேறிற்று. மட்டக்களப்பிற் பிறந்த விபுலாநந்த அடிகள் முதலில் அண்ணாமலையிலும், பின்பு, அது கொழும்பில் இருந்த காலத்தில், இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழுக்கு முதற் பேராசிரியராக இருந்தார். தனிநாயக அடிகளார் அண்ணாமலையிலே தமிழ் கற்றுப் பேராதனையிலே கற்பித்தார். ஆகவே ஒரே தமிழ்த்துறையின் இரு கரைகள் என்று இவற்றைக் கொள்வதில் பிழையில்லை.

சிதம்பரத்தில் தங்குதல் என்கிற விஷயம் பல்கலைக்கழகத்துக்கு மிகவும் முந்தியது. தில்லை எல்லைக்குள் படுத்துறங்குவதற்கு அஞ்சிய திருஞானசம்பந்தர், பக்கத்திலுள்ள திருவேட்களத்தைத் தம்முடைய இருப்பிடமாக வைத்துக்கொண்டு அங்கிருந்து கூத்தப்பெருமானைத் தரிசிக்கப் போய்வந்தார் என்று பெரியபுராணம் சொல்லுகிறது. அந்தத் திருவேட்களம் இன்று அண்ணாமலைநகரோடு சேர்ந்து கிடக்கிறது. பல்கலைக்கழகத்துப் பக்கம் தங்கிக் கோயிலுக்கு வந்துபோகும் வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் ஆளுடைய பிள்ளையார்தாம் என்று சொன்னால் அது முழுவதும் வேடிக்கையாகாது. சம்பந்தருடைய அச்சம் இல்லாத பிற்காலத்து யாத்திரிகர்களுக்காக நான்கு வீதிகளிலும் அவற்றுக்கப்பாலும் மடங்களும் சத்திரங்களும் எழுந்தன. அவற்றில் எங்கள் நாட்டார் கைங்கரியமும் உண்டு: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைச் சேர்ந்த ஞானப்பிரகாசர் தோண்டுவித்த குளம் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது, ஆறுமுக நாவலர் 1864இல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை ஸ்தாபித்தார், யாழ்ப்பாணத்து வயல்களின் வருமானம் சிதம்பரத்து மடங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலமும் ஒன்று இருந்தது.

இன்றைய லாட்ஜு, அந்தச் சத்திரத்தின் வாரிசு. வந்தவன் யார், ஏன் வந்தான், நாளை எங்கே போவான் என்பவற்றில் சத்திரத்துக்குச் சிரத்தை கிடையாது. திண்ணையும் கிணறும் இருந்தன, படுத்தெழுந்து போகலாம். லாட்ஜிலும் அப்படியே. கீழ வீதியிலோ மேல வீதியிலோ இரண்டு கடைகளுக்கு நடுவே குறுகலான ஒரு மாடிப்படி மேலேறும். அதன் உச்சியில் ஒரு மேசை, நடராஜர் படம், அதற்கு ஒரு குண்டு மல்லிகைச் சரம், தடித்த ஒரு பதிவேடு. பெயர், ஊர், எங்கிருந்து வருகிறீர், எங்கே போகிறீர், வந்த காரியம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். காரியம் என்ற கட்டத்தில் எல்லோரும் “சொந்த வேலை” என்றே எழுதியிருப்பார்கள். ஆதார் அட்டையின் நகல், முன்பணம், கையொப்பம், அவ்வளவே. சாவியைப் பெற்ற நிமிஷத்திலிருந்து இருபத்துநான்கு மணி நேரம் அறை உம்முடையது. விடியற்காலம் மூன்று மணி ரயிலில் இறங்குகிறவனுக்கு இந்த இருபத்துநான்கு மணிக் கணக்கு எத்தனை பெரிய அநுகூலம் என்பது, நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய் என்று சொல்லும் உயர்தர ஹோட்டல்களில் தங்கினவர்களுக்குத்தான் தெரியும்.

அறையைப் பற்றிப் புகழ்ந்து சொல்லுவதற்கு அதிகமில்லை. சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்; சுழலுகிற சத்தத்தினாலேயே தான் உயிரோடிருப்பதைத் தெரிவிக்கும் மின்விசிறி; காலை ஆறிலிருந்து ஒன்பது வரைக்குமே வெந்நீர் என்று குளியலறைக் கதவில் ஒட்டிய காகிதம். நுளம்புக்கு மருந்து, கடையில் வாங்கி வந்து கட்டிலுக்கடியில் கொளுத்தி வைக்கும் சுருள். உணவு லாட்ஜில் கிடையாது. ஆனால் அது குறையாகாது. படியிறங்கினால் ஊரே சமையலறை. இட்டலிக்குக் கத்தரிக்காய்க் கொத்சு ஊற்றுகிற ஊர் இது. அந்தக் கொத்சுவை வேறோர் ஊரிலே அதே புளிப்போடும் அதே குழைவோடும் நான் கண்டதில்லை. நள்ளிரவில் கோயிலோசை அடங்கின பிறகு திரும்பி வந்தாலும் “எங்கே போயிருந்தீர்” என்று கேட்க ஆள் இல்லை. பாதி இறக்கிவிட்ட இரும்புக் கதவுக்குக் கீழே குனிந்து நுழைய வேண்டும். பெஞ்சில் படுத்திருக்கும் காவற்காரர் கண்ணைத் திறவாமலே காலை மடக்கி வழிவிடுவார்.

இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலக்கு உண்டு. அதை இலங்கைத் தமிழர் நன்கறிவர். இந்தியாவில் அந்நிய தேசத்தாரைத் தங்கவைக்கிற விடுதியார் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய படிவத்தை அதிகாரிகளுக்கு அனுப்பியாக வேண்டும். இந்தத் தொந்தரவு எதற்கு என்று பல சிறிய லாட்ஜுகள் வெளிநாட்டாரை ஏற்பதே இல்லை. ஒரு லாட்ஜில் நான் பேசிய தமிழைக் கேட்டு, எந்த ஊர் என்று யூகிக்க முடியாமல் புன்னகையோடு பதிவேட்டைத் திருப்பி வைத்தவர், கடவுச்சீட்டைக் கண்டதும் புன்னகையை மடித்துக்கொண்டார். “சிலோனா? ரூம் எல்லாம் ஃபுல் சார்.” பின்னாலிருந்த பலகையில் அரை டஜன் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த வீதியில் வேறொருவர் அதே கடவுச்சீட்டை வாங்கி, விசாப் பக்கத்தை நகலெடுத்து, கணினியில் பதிந்து, “கோயிலுக்கா சார்?” என்று மட்டும் கேட்டார். யாழ்ப்பாணத்தார் குளம் தோண்டிய ஊரில் இப்படி நேர்வது மனத்தை உறுத்தினாலும், அந்த முதல் மனிதர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பயந்தது என்னைக் கண்டு அன்று, காகிதத்தைக் கண்டு.

கண்டியில் மலிவான அறை வேண்டுமானால் கடைவீதியை விட்டு மலை ஏற வேண்டும். ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வெட்டுவித்த வாவியின் ஓரமாகச் சரணங்கர வீதி போன்ற வீதிகள் வளைந்து வளைந்து மேலே செல்லுகின்றன. அவற்றின் இரு பக்கத்திலும் வீடுகள். வீடு என்ற சொல்லை அதன் முழுப் பொருளிலேயே சொல்லுகிறேன். முன் கூடத்தில் குடும்பத்துக் கல்யாணப் படமும், பட்டமளிப்பு அங்கி அணிந்த பிள்ளைகளின் படங்களும். பக்கத்திலோ மேல் மாடியிலோ மூன்று நான்கு அறைகள். வாசலில், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிற் பதிவு செய்த இடமாயின், அதைத் தெரிவிக்கும் ஒரு பலகை. விலையை வீட்டம்மாவே சொல்லுவார். அதற்கு முன் ஆளை ஒருமுறை மேலுங் கீழும் பார்ப்பார். அடையாள அட்டையை வாங்கி எழுதிக்கொள்வார். ஆணும் பெண்ணுமாக இளம் வயதினர் வந்தால், இங்கே மட்டுமல்ல, சிதம்பரத்திலும் கேள்வி எழும். ஆனால் அங்கே அது பதிவேட்டின் கேள்வி, இங்கே ஒரு தாயாருடைய கேள்வி.

அறை, சந்தேகமில்லாமல், சிதம்பரத்து அறையைவிட மேலானது. வெள்ளை விரிப்பு இஸ்திரி போட்டிருக்கும். கட்டிலுக்கு மேலே நுளம்பு வலை முடிச்சிட்டுத் தொங்கும். மலைக் குளிருக்காக எந்நேரமும் சுடுநீர் வரும். பகலில் சன்னலைத் திறந்து வைத்துப் போகக்கூடாது என்று முதல் எச்சரிக்கை. உடவத்தை வனத்துக் குரங்குகள் தலையணை உறையோடு சவர்க்காரத்தையும் கொண்டு போய்விடுமாம். இரவு படுக்கப் போகுமுன் கதவைத் தட்டி ஒரு விசாரணை வரும்: “மாத்தையா, காலையிலே இடியப்பமா, பாணா? எத்தனை மணிக்கு?” இந்த இரண்டு கேள்விகளுக்கும் அப்போதே விடை சொல்லியாக வேண்டும், ஏழு மணி என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்கு எழுந்தால், ஆறிப்போன இடியப்பத்தோடு ஆறாத ஒரு வருத்தத்தையும் எதிர்கொள்ள நேரும். சிவப்பரிசி இடியப்பம், பால்சொதி, பொல் சம்பல், பருப்பு, கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டியோடு வெறுந்தேநீர் என்று மேசை நிறையும். போதும் என்று சொன்னால் வீட்டம்மா அதைச் செவியில் போட்டுக்கொள்வதில்லை.

ஆனால் இரவு பத்து மணிக்குப் படலை சாத்தப்படும். பேராதனையில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்து தாமதித்தால் தொலைபேசியில் அறிவிப்பதுதான் மரியாதை. யார் வீட்டுப் பிள்ளை, எந்தப் பீடம், என்ன படிப்பு, மகள் எந்த மண்டபத்தில் இருக்கிறாள் என்பவை எல்லாம் முதல் தேநீருக்குள்ளேயே விசாரித்து முடிந்துவிடும். ராமநாதன் மண்டபம் என்று ஒரு பெயரைச் சொன்னால், அங்கே முன்பு படித்த உறவினர் ஒருவருடைய சரித்திரம் வெளிவரும். தனியே இருந்து குறிப்பெழுதலாம் என்று வந்தவனுக்கு இது ஓர் இடைஞ்சல். ஊர் புதிது, பிள்ளையை விட்டுப் போகிறோமே என்று கலங்கி நிற்கும் தாய் தகப்பனுக்கோ, அறையைக் காட்டிலும் இந்த விசாரணைதான் பெரிய ஆறுதல்.

இப்படி ஓர் ஊர் சத்திரத்தையும் மற்றோர் ஊர் வீட்டையும் மாதிரியாகக் கொண்டதற்குக் காரணம், வந்தவர்கள் வந்த முறையே என்று எனக்குத் தோன்றுகிறது. சிதம்பரத்துக்கு யாத்திரிகர் குடும்பம் குடும்பமாக, நாள் கணக்கில்லாமல், வருஷம் முழுவதும் வந்தார்கள். 1979இல் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியபின், தொடர்பு வகுப்புக்கும் பரீட்சைக்கும் வந்த ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் அந்த வரவோடு சேர்ந்துகொண்டார்கள். இத்தகைய ஓயாத பெருக்கை வீடுகள் தாங்கமாட்டா. கண்டிக்கு வரும் உள்நாட்டுப் பக்தர்களோ, கிராமத்திலிருந்து பஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அரிசி, தேங்காய், அண்டா குண்டான் சகிதம் வந்து, யாத்திரிகர் விடுதிக் கூடத்திலே பாய் விரித்துப் படுத்து, மறுநாள் புறப்பட்டுவிடுகிறவர்கள்; அறை வாடகை என்ற செலவே அவர்கள் கணக்கில் வருவதில்லை. அறை கேட்டு வந்தவர் பெரும்பாலும் மேல்நாட்டுப் பிரயாணிகள். பணத்தை மட்டுப்படுத்திக்கொண்டு நாட்களைத் தாராளமாகச் செலவிடும் அவர்களை எதிர்பார்த்தே மலைச்சரிவு வீடுகள் கதவைத் திறந்தன. அந்தக் கதவு வழியாகத்தான் பிற்பாடு நாமும் நுழைந்தோம். இந்த இரு வகையிலும் சேராத சிக்கனக்காரனுக்குக் கண்டி ரயில் நிலையத்திலேயே ஓய்வறைகள் உண்டு. அவை இரண்டு தேசத்து ரயில்வேக்கும் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பொதுச் சொத்து.

பேராதனையின் அமைப்பும் இதற்கு உதவிற்று. முதல் துணைவேந்தர் சர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் யாவரும் வளாகத்திலேயே வசிக்கும் பல்கலைக்கழகமாக அதைக் கற்பனை செய்தார். மாணவர் தொகை பெருகி மண்டபங்கள் போதாமற் போனபோது, மிஞ்சியவர்களை ஏற்றுக்கொண்டவை சுற்றுப்புறத்து வீடுகளே. போர்டிங் என்று நாம் சொல்லும் அந்த ஏற்பாட்டிலும், மாதக் கணக்குக்கு வாடகை கொடுத்தவன் வீட்டாரின் கண்காணிப்புக்கு உட்பட்டவனாகவே இருப்பான்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட அறைகளுக்கு 2022 ஜூலை வரை சரக்கு சேவை வரி இல்லாதிருந்தது; பின்பு 12 சதவிகிதம் விதித்து, 2025 செப்டம்பரில் 5 ஆகக் குறைத்தார்கள். வரியைக் கூட்டியே வாடகையைச் சொல்லிவிடும் லாட்ஜுக்காரர் வாயில் இவை அதிகம் கேட்பதில்லை. இலங்கையிலோ பெரிய ஹோட்டல்கள் சொல்லும் விலையோடு 10 வீதம் சேவைக் கட்டணமும், 2024 முதல் 18 வீதமாய்விட்ட பெறுமதி சேர் வரியும் ஏறும்; சிறு வீடுகள் ஒரே தொகையாகச் சொல்லுகின்றன. அந்தத் தொகை உள்ளூராருக்கு ஒன்றும் வெளிநாட்டாருக்கு வேறொன்றுமாக இருப்பதை யாரும் மறைப்பதில்லை. சிதம்பரத்து மேசை வெளிநாட்டானைத் திருப்பியனுப்புகிறது; கண்டி வீடு அவனை வரவேற்று அதிகமாக வாங்கிக்கொள்கிறது. இரண்டில் எது நாகரிகம் என்று தீர்ப்பளிக்க நான் முன்வரமாட்டேன். ஆனால் இராத்தங்க இடமின்றி வீதியில் நிற்கிறவன் எதை விரும்புவான் என்பதில் ஐயமில்லை.

போகிறவர்கள் நாட்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரத்தில் சாவிப் பலகை உண்மையாகவே வெறுமையாகிவிடும். மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்டியாஞ்சலி நாட்களில் சலங்கைப் பெட்டிகளோடு வரும் குடும்பங்கள் அறைகளைப் பிடித்துக்கொள்ளும். மற்றக் காலங்களில் முன்கூட்டி எழுதவே வேண்டியதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு படியேறினால் போதும். கண்டியில் எசல பெரஹரா நடக்கும் பத்து நாட்களில் வாடகை பல மடங்காகும், வீட்டு மொட்டை மாடிக்குக்கூட ஒரு விலை வந்துவிடும்; அந்நாட்களில் பல்கலைக்கழகக் காரியம் இருப்பவர்கள் பேராதனைப் பக்கமே இடம் பார்த்துக்கொள்வது நல்லது. ஏனைய மாதங்களிலும் அங்கே முதல் நாளே தொலைபேசியிற் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அரிசிமா பிசைவதற்கு வீட்டம்மாவுக்கு ஆட்கணக்குத் தெரிந்தாக வேண்டுமே.