ஒரே பலகையில் இரு மொழி

ராபர்ட்சன்பேட்டையில் வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், கடைத்தெருவில் தெலுங்கும் சேர்ந்துகொள்ளும். சயனைடு மேட்டைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது பழகிப்போன சமாச்சாரம். ஆகவே, இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே விசைப்பலகை என்ற ‘இன்ஸ்கிரிப்ட்’ எங்களுக்காகவே பிறந்ததாக நம்பினேன்.

விண்டோஸ் 2000-இல் தமிழ் வந்தது. கன்னடம் 2001-இல் எக்ஸ்பியோடு வந்தது. இரண்டுக்கும் இன்ஸ்கிரிப்ட்தான். ‘கே’ சாவியில் இங்கேயும் க, அங்கேயும் க. ஒன்றைப் பழகினால் மற்றது இலவசம்னு நினைச்சேன்.

உட்கார்ந்து அடித்தபோதுதான் கோளாறு தெரிந்தது. அது நாகரி வரிசைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. வர்க்க எழுத்துகள் உள்ள கன்னடத்துக்குப் பொருந்துகிறது. தமிழிலோ ஆங்கில ‘ஐ’, ‘ஓ’ சாவிகள் வேலையின்றிக் கிடக்கின்றன. அ, ண, ள, ழ, ற, ன ஆறுக்கும் ஷிப்டை அமுக்கியாக வேண்டும். கீழே அறைகள் காலியாயிருக்க, வீட்டுக்காரரை மாடிக்கு அனுப்பிய கதை!

‘அம்மா’ என்று அடித்துப் பாருங்கள். இன்ஸ்கிரிப்டில் ஷிப்டோடு அ, பிறகு ம, புள்ளி, ம, கால். தமிழ்99-இல் அ, ம, ம, ஆ. ஷிப்டே வேண்டாம், புள்ளியைப் பலகையே வைத்துவிடும். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற இப்பலகை, தமிழின் போக்கறிந்தவர்கள் செய்த வேலை. ஆனால் விண்டோஸில் பல ஆண்டுகள் அதைத் தனியே ஏற்ற வேண்டியிருந்தது. விண்டோஸ் 10 காலத்தில்தான் கூடவே வந்தது. ஆப்பிள் கைபேசியில் 2013-இலேயே வந்துவிட்டது.

கர்நாடக அரசும் இன்ஸ்கிரிப்டை விட்டு, கே.பி. ராவ் வகுத்த பலகையைத் தரமாக்கியது. ஆக, நான் எதிர்பார்த்த அந்த ‘இலவசம்’ இரு பக்கமும் கிடைக்கவில்லை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியபின் என் தம்பி வேலை தேடி வெளியூர் போனான். அவனுக்கு எழுத, இங்குள்ள ஒரு பிரவுசிங் சென்டரில் தமிழ்99 போட்டுத் தரக் கேட்டேன். “சிஸ்டத்துல எதையும் ஏத்தக்கூடாது சார்” என்றான் பையன். ஆங்கிலத்தில் நாலு வரி அடித்தேன். தம்பியும் ஆங்கிலத்தில் பதில் போட்டான். அன்று தொட்டு எங்கள் கடிதங்கள் ஆங்கிலத்தில்தான். ஊருக்கு வந்தால் தமிழில் பேசிக்கொள்கிறோம்.