அந்நிய நகரில் முதல் நாட்கள்: நான்கு நூல்களும் ஒரு கேள்வியும்

கடல் கடந்து செல்வது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. கொழும்பும் ரங்கூனும் பினாங்கும் நம் கடற்கரை ஊர்களுக்கு அடுத்த தெருக்கள் போல் விளங்கிய காலம் ஒன்று உண்டு. 'சபர்' சென்றவர்களின் உழைப்பால் எழுந்த வீடுகளும் பள்ளிவாசல்களும் இன்றும் நிற்கின்றன. ஆனால் அவர்கள் அந்நிய மண்ணில் கால் வைத்த முதல் ஏழு நாட்களை எவ்வாறு கழித்தார்கள் என்பது, அவர்களுடைய மடல்களுக்காகக் காத்திருந்த வீட்டாருக்கே தெரியாது. "இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல்" என்னும் ஒரு வரிக்குள் எல்லாம் ஒடுங்கிவிட்டது. இன்று நம் பிள்ளைகள் படிப்புக்காகப் போகிறார்கள். மகன் மட்டுமன்று, மகளும் போகிறாள். கைப்பேசியில் முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது. எனினும் திரைக்கு அப்பாலிருந்து வருவது பெரும்பாலும் அந்தப் பழைய வரிதான்.

அம்முதல் நாட்களை மறைக்காமல் எழுதியவர்கள் இருக்கிறார்கள். அத்தகைய நான்கு நூல்களை ஒருசேர வைத்துப் பார்ப்பது பயனுடையது என்று கருதுகிறோம்.

முதலாவது, எகிப்திய அறிஞர் ரிஃபாஆ அத்தஹ்தாவி எழுதிய 'தக்லீஸுல் இப்ரீஸ் ஃபீ தல்கீஸி பாரீஸ்'. 1801 இல் மேல் எகிப்தின் தஹ்தா என்னும் ஊரில் பிறந்து அல் அஸ்ஹரில் பயின்ற இவர், 1826 இல் முஹம்மது அலி பாஷா பிரான்சுக்கு அனுப்பிய நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு இமாமாகச் சென்றார். தொழுகை நடத்தவும் மார்க்க நெறி காட்டவுமே அவர் அனுப்பப்பட்டார், படிப்பதற்காக அன்று. ஆனால் அந்தக் குழுவிலேயே தலைசிறந்த மாணவராகத் திரும்பியவர் அவர்தாம்.

கண்ட அதிசயங்களை எல்லாம் எழுதி வைக்குமாறு அவரைத் தூண்டியவர் அவருடைய ஆசிரியர் ஹஸன் அல் அத்தார். மார்செய் துறைமுகத்தில் நோய்த்தடுப்புக்காகத் தனித்து வைக்கப்பட்ட நாட்களிலிருந்தே தஹ்தாவியின் கண் விழித்துக்கொள்கிறது. தரையில் விரிப்பிட்டு அமராமல் நாற்காலியில் உட்காருகிறார்கள். மேசையின்மேல் ஒவ்வொருவருக்கும் தனித்தட்டு. கத்தியும் முள்கரண்டியும் இன்றி உண்பதில்லை. படுக்கை தரையிலிருந்து உயர்ந்திருக்கிறது. இவற்றை எள்ளாமலும் வியந்து மயங்காமலும், கணக்கெழுதுபவரின் நிதானத்தோடு அவர் குறித்துச் செல்கிறார்.

அந்நகரின் காப்பிக்கடை ஒன்றில் நுழைந்தபோது நிகழ்ந்ததை நூலின் மணியான பகுதி எனலாம். உள்ளே திரளான மக்களைக் கண்டு, இது ஒரு பெரிய கடைத்தெரு என்றே எண்ணிவிடுகிறார். பிறகு தம் உருவமே பலவாகத் தோன்றுவதைக் கண்டபோதுதான் நாற்புறமும் நிலைக்கண்ணாடிகள் இருப்பது புலனாகிறது. இதை அவர் மறைத்திருக்கலாம். ஏமாந்தவர் சாதாரணப் பயணி அல்லர். நாற்பது இளைஞர்கள் பின்னின்று தொழும் இமாம். நூல் அச்சானதோ 1834 இல், புலாக் அரசாங்க அச்சகத்தில். பாஷாவும் உலமாக்களும் படிக்கப்போகும் புத்தகத்தில், தாம் கண்ணாடியைக் கண்டு மயங்கிய கதையை எழுதத் துணிந்தாரே, அந்தத் துணிவுதான் அவரை அறிஞராக்கிற்று என்போம். அறியாமையை ஒப்புக்கொண்டவனுக்கே அறிவின் கதவு திறக்கும். தமக்கென ஓர் அளவுகோலையும் அவர் கையோடு கொண்டு சென்றார். ஷரீஅத்துக்கு மாறானதை ஏற்பதில்லை என்று முகவுரையிலேயே உறுதி கூறுகிறார். அளவுகோல் உறுதியாக இருந்ததனால்தான் அஞ்சாமல் எதையும் அளந்து பார்க்க முடிந்தது.

இன்னொரு செய்தியும் நம் பிள்ளைகளுக்கு உரியது. பாரிஸில் தொடக்கத்தில் மாணவர் அனைவரும் ஒரே வீட்டில் தங்கினர். தமக்குள்ளேயே உரையாடியதால் பிரெஞ்சு மொழி வசப்படவில்லை. பின்னர் அவர்களைப் பிரித்துத் தனித்தனி விடுதிப் பள்ளிகளில் வைத்த பிறகே நாவில் மொழி ஏறியது. ஊர்க்காரர்களோடு ஒரே அறையில் கூடி, ஊர்ச் சமையல் உண்டு, ஊர்ப் பேச்சுப் பேசி ஆண்டுகளைக் கழிக்கும் நம் மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

ஆயினும் தஹ்தாவியின் நூலில் ஒரு குறை உண்டு. நகரம் தெரிகிறது, அவர் மனம் தெரிவதில்லை. முதல் இரவு உறக்கம் வந்ததா, தாயை நினைத்தாரா என்று நாம் கேட்டால் நூல் மௌனம் சாதிக்கிறது. அரசுக்குப் பயன்படும் அறிக்கையாகவும் அது அமைய வேண்டியிருந்தது என்பதே இதற்குக் காரணமாகலாம்.

காந்தியடிகளின் 'சத்திய சோதனை' இந்தக் குறையை ஓரளவு நிரப்புகிறது. 1888 இல், பதினெட்டு வயதில், இங்கிலாந்தில் வெள்ளைக் கம்பளி உடையோடு இறங்குகிறார். அந்த உடையில் வேறு எவரும் இல்லை. பெட்டிகளும் சாவிகளும் முகவரிடம், மறுநாளோ ஞாயிறு. பார்க்க வந்த நண்பரின் பட்டுத் தொப்பியை எதிர்ப்புறமாகத் தடவிக் கலைத்துவிட்டு, பிறர் பொருளைத் தொடலாகாது என்ற முதற்பாடத்தைப் பெறுகிறார். இரவுகளில் தாயின் நினைவு வாட்டக் கண்ணீர் விட்டதையும் ஒளிக்கவில்லை. சிரிப்பும் அழுகையும் அருகருகே நிற்பதே அந்தப் பக்கங்களின் அழகு.

அகத்தை முழுமையாகத் திறந்து காட்டியவர் தாஹா ஹுசைன். அவருடைய ஆய்வுக் கருத்துகள் சில, குறிப்பாக 1926 இல் வெளியான நூலில் உள்ளவை, கடுங்கண்டனத்துக்கு ஆளாயின. அது வேறு வழக்கு. இங்கே நாம் பேசுவது 'அல் அய்யாம்' என்னும் தன்வரலாற்றைப் பற்றி. 1889 இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்த இவர், சிறுவயதில் கிராமத்திலிருந்து கெய்ரோவுக்கு அல் அஸ்ஹரில் பயில வந்த நாட்களை இரண்டாம் பாகத்தில் எழுதுகிறார். நகரம் அவருக்கு ஒலியாகவும் மணமாகவும் வருகிறது. ஹுக்காவின் குமிழி ஓசை, அதன் வெப்பம், கூண்டுக்கிளியின் ஓயாத கூவல் ஆகியவையே அவருக்கு வழிகாட்டிகள். மாலையில் அண்ணன் நண்பர்களோடு சென்றுவிட, சிறுவன் விளக்கில்லாத அறையில் தனித்திருக்கிறான். பார்வையற்றவனுக்கு விளக்கு எதற்கு என்பது பிறர் எண்ணம். இருளின் கனத்தை அவனும் உணர்ந்தான் என்பது அவன் மட்டுமே அறிந்த உண்மை. 1914 இல் மோன்பெலியே நகருக்கும், அடுத்த ஆண்டின் இறுதியில் பாரிஸுக்கும் சென்ற கதை மூன்றாம் பாகத்தில் வருகிறது. 'நான்' என்று கூறாமல், வேறொருவர் கதைபோல் பெரும்பாலும் படர்க்கையிலேயே தம்மைச் சொல்கிறார். தன்னிரக்கம் நுழையாமல் காத்த உத்தி அது.

நம் நெஞ்சை மிகத் தொட்டது இரண்டாம் பாகத்தின் முடிவு. அங்கே அவர், படிப்புக்காகப் பாரிஸ் புறப்படும் தம் மகனை நோக்கிப் பேசுகிறார்; தம் துயர நாட்களின் கதையை அவன் கையில் கொடுக்கிறார். தந்தை பணம் கொடுப்பார், அறிவுரை கொடுப்பார். தம் தனிமையைக் கொடுத்து அனுப்பிய தந்தையர் எத்தனை பேர்?

அவரே 1935 இல் எழுதிய 'அதீப்' இதன் மறுபக்கம். மணமாகாதவரையே அனுப்புவது என்ற விதி குறுக்கே நிற்க, பொய் சொல்ல மனமின்றி, கதைத்தலைவன் மனைவியை மணவிலக்குச் செய்துவிட்டுப் பிரான்ஸ் செல்கிறான். மார்செய் விடுதியிலேயே அவன் மனம் தடம் புரளத் தொடங்குகிறது. பாரிஸில் அறிவு பேதலித்து அழிகிறான். தஹ்தாவி இறங்கிய அதே துறைமுகந்தான். முன்னவர் அளவுகோலோடு இறங்கினார். பின்னவன் தன்னை நம்பியிருந்த ஒருத்திக்கு இழைத்த அநீதியைச் சுமந்துகொண்டு இறங்கினான். நகரத்தைக் குறை கூறிப் பயனில்லை. புறப்படும்போது நெஞ்சில் எதைக் கொண்டு சென்றான் என்பதே கேள்வி என நாவல் நமக்கு உணர்த்துகிறது.

நான்கையும் சீர்தூக்கினால், தகவலுக்குத் தஹ்தாவி, நகைச்சுவைக்குக் காந்தியடிகள், எச்சரிக்கைக்கு 'அதீப்'. ஒன்றை மட்டுமே கொடுக்க இயலும் என்றால், புறப்படும் பிள்ளையின் கையில் 'அல் அய்யா'மைக் கொடுப்போம். பெற்றோரும் அதைப் படிக்க வேண்டும். "நலமாக இருக்கிறேன்" என்ற சொல்லுக்குப் பின்னால் விளக்கில்லாத அறை ஒன்று இருக்கக்கூடும் என்பதை அது கற்பிக்கும்.

பிள்ளையின் பெட்டியில் குர்ஆனையும் ஊறுகாயையும் வைத்து, துஆச் செய்து அனுப்பும் தாய்மார்களுக்கு ஒரு சொல். அழைத்துப் பேசும்போது, சாப்பிட்டாயா என்பதோடு நிறுத்த வேண்டாம். இன்று எதைக் கண்டு ஏமாந்தாய், எதற்காகச் சிரித்தாய், எப்போது அழுகை வந்தது என்றும் கேளுங்கள். கேட்கும் செவி வீட்டில் இருந்தால், பிள்ளை மறைக்காமல் சொல்லும்; மறைக்காமல் சொல்லப் பழகியவர்களிலிருந்தே நாளைக்கு எழுதுபவர்களும் வருவார்கள்.