நீலம் வரும் கணம்

பொட்டாசியம் அயோடைடு, பெர்சல்பேட், அளந்து விட்ட சிறிது தயோசல்பேட், கஞ்சித்தண்ணி போல ஸ்டார்ச்சு. கலந்த குடுவையை வெள்ளைத் தாளின் மேல் வைத்துவிட்டு ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினால், எதுவுமே நடக்காததுபோல் கரைசல் தெளிந்து கிடக்கும். உள்ளே பிறக்கும் அயோடினைத் தயோசல்பேட் உடனுக்குடன் விழுங்கிக்கொண்டிருக்கிறது. அது தீர்ந்த நொடியில் குடுவை முழுக்கக் கருநீலம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு விரல் ஒரு கணம் தடுமாறும். தயோசல்பேட்டின் அளவு தெரியும், நேரமும் தெரியும். தொடக்க வேகம் கையில் வந்துவிட்டது.

அதைவிடப் பிடித்தது, இந்தச் சோதனைக்குள் இருக்கும் பொறுமை. அயோடைடைப் பாதியாக்கினால் அந்த இடத்தை வெறும் நீரால் நிரப்பாமல், அதே செறிவுள்ள பொட்டாசியம் நைட்ரேட்டால் நிரப்புவார்கள். ஒன்று மாறும்போது மற்றதெல்லாம் அசையக்கூடாது. பிப்பெட்டில் திரவ வளைவின் அடி கோட்டைத் தொடும்வரை விரலை இம்மி இம்மியாகத் தளர்த்த வேண்டும். அந்த நிதானம் கைக்கு வர நாளாகும். முன்பு 40 விநாடியில் வந்த நீலம் இப்போது 80ஐ ஒட்டி வருகிறதா? அயோடைடைப் பொறுத்து வினைவகை 1. பெர்சல்பேட்டைப் பாதியாக்கினாலும் அப்படியே. நீலம் வரும்வரை செலவானது கொஞ்சமே என்பதால், ஊற்றிய செறிவுகளையே நம்பி, வேகத்தை அவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் வேக மாறிலி கிடைத்துவிடும். வேறுவேறு குடுவை, வேறுவேறு நேரம். ஆனால் நோட்டில் வரிசையாக விழும் வேக மாறிலிகள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கும், அறையின் வெப்பநிலை மாறாதவரை.